நிலாவிலிருந்து தீபாவளி வரை: பிள்ளைகளோடு இனிப்பு செய்ய ஒரு வழிகாட்டி

சென்ற ஆண்டு எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) 12 பிள்ளைகளைச் சேர்த்து வைத்து இனிப்பு செய்யப் போனேன். கைப்பேசியில் பார்த்த காணொளிகள்தான் காரணம். வெளிநாட்டுப் பிள்ளைகள் பூசணி முகம் போட்ட கேக் செய்கிறார்கள், மேப்பிள் இலை வடிவத்தில் பிஸ்கட் வெட்டுகிறார்கள், கிண்ணத்தில் கிரீமைக் குவித்து அதன்மேல் மிட்டாய் தூவுகிறார்கள். “ஆண்ட்டி, நாமும் இந்த மாதிரி செய்யலாமா?” என்று கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். அக்டோபர் மாதம், காலை பதினொரு மணி, மின்விசிறி மட்டும் சுற்றும் மண்டபம். கிரீம் கிண்ணத்தின் அடியில் பாலாக இறங்கியது. ஜெல்லி அச்சிலிருந்து எடுத்த சில நிமிடங்களில் சாய்ந்து விழுந்தது. மார்ஷ்மெலோ பாக்கெட்டைப் பிரித்த பிறகு ஒரு தாய் வந்து, “இதில் என்ன ஜெலட்டின் இருக்கிறது?” என்று கேட்டார். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். மாட்டு ஜெலட்டின். எல்லாவற்றையும் எடுத்து ஓரமாக வைக்க வேண்டியதாயிற்று. ஒரு சின்னப் பையன் அழுதே விட்டான். செலவு 140 வெள்ளியைத் (ரிங்கிட்) தாண்டியிருந்தது.

அதன் பிறகு பல வாரங்கள் வீட்டிலேயே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். நம் வெயிலைத் தாங்குகிற, ஓவன் தேவைப்படாத, முட்டை சேராத மூன்று இனிப்புகள் தேறின: நிலா அகார்-அகார் (கடற்பாசி ஜெல்லி), பரங்கி உருண்டை, ரப்பர் இலை மிட்டாய். நம் ஊர் மளிகைக் கடை, பாசார் மாலாம் (இரவுச் சந்தை), ஒரு கேக் சாமான் கடை, இந்த மூன்று இடங்களில் எல்லாப் பொருளும் கிடைத்துவிடும். முதல்முறை செய்யப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் கெட்ட இடத்தில் நீங்கள் கெட வேண்டாம்.

1. முதலில் நாள் குறியுங்கள், அப்புறம் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்

நமக்கு இலையுதிர்காலம் கிடையாது. ரப்பர் மரம் இலை கொட்டுவதுகூடப் பொங்கல் கழிந்த பிறகுதான். ஆனால் பிள்ளைகள் கேட்கிற அந்தக் காலத்துக்கு இணையாக நமக்கும் ஒரு விழாக்காலம் இருக்கிறது. 2026-இல் சீனர்களின் நிலாப் பலகார விழா செப்டம்பர் 25, தீபாவளி நவம்பர் 8. இடையில் ஆறு வாரத்துக்கு மேல் இருக்கிறது. மேலைநாட்டுப் பிள்ளைகளின் ஹாலோவீன் அக்டோபர் 31. பூசணி எல்லாம் அதற்காகத்தான்.

இந்த ஆறு வாரத்துக்குள் எந்த நாள்? மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

புரட்டாசி. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை பல வீடுகளில் சைவம்தான். முட்டை சேர்த்த எதையும் பிள்ளைகள் தொட மாட்டார்கள். சனிக்கிழமை கோவிலுக்குப் போகிற குடும்பங்களும் நிறைய. அதனால் ஞாயிறு நல்லது. தேவார வகுப்பு இருந்தால் அது எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கெடா பக்கம் இருப்பவர்களுக்கு வார விடுமுறை வெள்ளி, சனி என்பதால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

நவராத்திரி. அந்த நாள்களில் கோவில் மண்டபம் கிடைக்காது. கேட்டு மனத்தாங்கல் ஆக வேண்டாம்.

மழை. அக்டோபர், நவம்பரில் மேற்குக் கரை ஊர்களில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை வரும். எங்கள் மண்டபத்தில் இடி இடித்தால் மின்சாரம் போய்விடும். காலை 9:30-க்குத் தொடங்கி 12 மணிக்குள் முடித்துவிடுங்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பிள்ளைகளும் தாங்க மாட்டார்கள்.

தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது உதவிக்கு வரக்கூடிய அம்மாக்கள் எல்லாரும் அவரவர் வீட்டில் முறுக்கு பிழிந்துகொண்டிருப்பார்கள்.

2. தாள் வேலை: மூன்று நிலை

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் செய்கிறீர்கள் என்றால் எந்தத் தாளும் வேண்டாம். அடுத்த தலைப்புக்குப் போய்விடலாம்.

பிறர் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் ஒரு பக்கப் படிவம் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். பிள்ளையின் பெயர், வயது, ஒவ்வாத உணவு, எடுத்துக்கொள்ளும் மருந்து, பெற்றோர் கைப்பேசி எண், படம் எடுத்துப் பகிரலாமா வேண்டாமா, யார் வந்து அழைத்துப் போவார், கடைசியில் கையெழுத்து. அவ்வளவுதான். வாட்சாப்பில் “ஓகே” என்று வந்த பதிலை நம்பி விட்டது என் தவறு. ஒரு பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பது நிகழ்ச்சி பாதி முடிந்த பிறகுதான் தெரிந்தது. நல்லவேளை, அதுவரை அவள் எதையும் சாப்பிட்டிருக்கவில்லை. “ஒவ்வாமை உண்டா?” என்று பொதுவாகக் கேட்டால் எல்லாரும் “இல்லை” என்றுதான் எழுதுவார்கள். பால், கச்சான் (நிலக்கடலை), முட்டை, கோதுமை, தேங்காய் என்று தனித்தனியாக அச்சிட்டுக் கட்டம் போட்டு வையுங்கள். அப்போதுதான் யோசித்துக் குறிப்பார்கள்.

மண்டபத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நாள், நேரம், எத்தனை பேர், கேஸ் அடுப்பு கொண்டுவரப் போகிறீர்களா என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். அடுப்பு விஷயத்தை எழுதாமல் விட்டால் அன்று காலை வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்க நேரும். வைப்புத்தொகை கட்டினால் ரசீது வாங்குங்கள். சாவி யாரிடம் இருக்கும், அவர் ஞாயிறு காலை ஊரில் இருப்பாரா என்பதையும் முதல் நாளே கேளுங்கள். மூன்று வாரத்துக்கு முன்பு கடிதம் கொடுத்தால் போதும்.

மூன்றாவது, விற்பது. பிள்ளைகள் செய்ததைத் தீபாவளிச் சந்தையில் ஒரு மேசை போட்டு விற்றுப் பள்ளிக்குப் பணம் சேர்க்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. விற்பனை என்று வந்துவிட்டால் உணவைக் கையாளுபவருக்குச் சுகாதார அமைச்சு அங்கீகரித்த உணவு கையாளுவோர் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். பயிற்சி அரைநாளில் முடிந்துவிடும். ஊசி மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். சந்தையில் மேசை போட நகராண்மைக் கழக அனுமதியும் தேவை. அதோடு, பல சின்னக் கைகள் உருட்டிய பண்டத்தை விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பெரியவர்கள் தனியாகச் செய்ததை விற்கலாம், பிள்ளைகள் செய்தது அவர்கள் வீட்டுக்கே போகட்டும்.

3. ஜெலட்டின் பொறி

இதை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஜெல்லிப் பொடி, மார்ஷ்மெலோ, கம்மி மிட்டாய், சில வகைத் தயிர், கேக் மேலே பளபளப்புக்கு ஊற்றும் கலவை, இவற்றில் எல்லாம் ஜெலட்டின் இருக்கலாம். ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்று பொருள், மாடு இல்லை என்று பொருள் இல்லை. முஸ்லிம் பிள்ளைகளுக்கு அந்த முத்திரை போதும். நம் வீடுகளில் பலருக்குப் போதாது. பாக்கெட்டின் பின்னால் பொருள் பட்டியலில் “லெம்பு” என்றோ “போவைன்” என்றோ இருந்தால் அது மாடு. “இக்கான்” என்றால் மீன். சைவக் குடும்பத்துக்கு அதுவும் ஆகாது. “ஜெலட்டின்” என்று மட்டும் இருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

அகார்-அகார் கடற்பாசியிலிருந்து வருவது. தமிழ், மலாய், சீனப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடலாம். நம் வெயிலுக்கும் அதுதான் சரி. ஜெலட்டின் 30 பாகை செல்சியஸைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். நண்பகலில் நம் ஊரில் நிழலிலேயே 32, 33 பாகை இருக்கும். அகார்-அகார் 35 முதல் 40 பாகைக்குள்ளேயே இறுகிவிடும், இறுகியது மீண்டும் உருக 85 பாகை வேண்டும். குளிர்பெட்டி இல்லாவிட்டாலும் மேசையில் நிற்கும். பச்சை அன்னாசித் துண்டு போட்டால் ஜெலட்டின் இறுகாது, அகார்-அகார் இறுகும். இத்தனை நாள் நம் வீட்டு அலமாரியில் இருந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ தேடி அலைந்திருக்கிறேன்.

4. செலவு: 12 பிள்ளைகளுக்கு

நான் கடைசியாகச் செய்தபோது ஆனது இது. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

அகார்-அகார் தூள், 10 கிராம் பாக்கெட் 3: 9 வெள்ளி (ஒன்று கைவசம் இருக்கட்டும்)
பரங்கிக்காய், ஒன்றரை கிலோ: 6 வெள்ளி
புளுட் மாவு (ஒட்டும் அரிசி மாவு), 500 கிராம்: 5 வெள்ளி
குலா மெலாக்கா (பனை வகைக் கருப்பட்டி): 5 வெள்ளி
துருவிய தேங்காய், 3 காய்: 10 வெள்ளி
தேங்காய்ப்பால், 200 மில்லி பெட்டி 2: 7 வெள்ளி
சீனி, 1 கிலோ: 3 வெள்ளி
டின் பால் (சீனி சேராத எவாப்பரேட்டட் பால்): 4 வெள்ளி
பாண்டான் இலை (ரம்பை), கஸ்தூரி எலுமிச்சை: 2 வெள்ளி
காகிதக் கிண்ணம், கொடுத்தனுப்பப் பெட்டி: 10 வெள்ளி

மொத்தம் 61 வெள்ளி. ஒரு பிள்ளைக்கு 5 வெள்ளி கணக்கு. நெய்யும் உப்பும் வீட்டில் இருப்பதுதான். இதற்கு மேல் நிலா அச்சுத் தட்டு 4 வாங்கினேன், 24 வெள்ளி. அது ஒருமுறைச் செலவு. அச்சு வாங்கச் சரியான நேரம் நிலா விழா முடிந்த மறுவாரம். கடைக்காரர்கள் மீதியை விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள். அச்சே வேண்டாம் என்றாலும் சரி, சின்னச் சம்பல் கிண்ணத்தில் ஊற்றினாலும் நிலா வட்டமாகத்தான் வரும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மாவுப் பாக்கெட்டில் “தெப்பொங் புளுட்” என்று இருக்க வேண்டும். “தெப்பொங் பெராஸ்” சாதாரண அரிசி மாவு. இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே அளவில், ஒரே நிறுவனப் பாக்கெட்டில் அடுக்கியிருப்பார்கள். நான் ஒருமுறை மாற்றி வாங்கிவந்து, உருண்டை எல்லாம் தண்ணீரில் வெடித்துக் கஞ்சியானது.

5. நிலா அகார்-அகார்

எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி நிலா விழாவுக்கு மூன்கேக் கொண்டுவந்து கொடுப்பார். நடுவில் உப்பு முட்டைக் கரு, முழுநிலா மாதிரி. அதை முட்டை இல்லாமல் செய்வதுதான் இது. கருவுக்குப் பதில் பரங்கி.

முதல் நாள் இரவு நீங்கள் செய்ய வேண்டியது: 100 கிராம் பரங்கியை அவித்து மசித்து, 200 மில்லி தண்ணீர், 2 மேசைக்கரண்டி சீனி, அரைப் பாக்கெட் அகார்-அகார் தூள் சேர்த்துக் கொதிக்க வையுங்கள். ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் மஞ்சள் நிலாக்கள் தயார்.

அன்று காலை: ஒரு முழுப் பாக்கெட் தூளை 600 மில்லி பச்சைத் தண்ணீரில் தூவிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். சுடுதண்ணீரில் போட்டால் கட்டி கட்டியாகிவிடும். பிறகு 150 கிராம் சீனி, முடிச்சுப் போட்ட மூன்று பாண்டான் இலை சேர்த்து அடுப்பில் வையுங்கள். கொதி வந்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். தூள் முழுதாகக் கரையாவிட்டால் அடியில் மணல்போல நிற்கும், இனிப்பு இறுகாது. அப்புறம் தீயைக் குறைத்து 200 மில்லி தேங்காய்ப்பாலும் ஒரு சிட்டிகை உப்பும் சேருங்கள். இதற்குப் பிறகு கொதிக்க விடக்கூடாது, ஆவி வந்தால் போதும். கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் பிரியும்.

இங்கே ஒரு நல்ல உபாயம் சொல்கிறேன். பிள்ளைகள் மெதுவாகத்தான் ஊற்றுவார்கள். அதற்குள் பானையில் இருப்பது இறுகிவிடும். கலவையை ரைஸ் குக்கருக்கு மாற்றி, சூடு காக்கும் நிலையில் வைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் ஆனாலும் இறுகாது. அங்கிருந்து சின்னக் குவளையில் கொஞ்சம் எடுத்து, கை பொறுக்கும் சூடு ஆனதும் பிள்ளையிடம் கொடுங்கள். ரைஸ் குக்கர் பக்கம் எப்போதும் ஒரு பெரியவர் நிற்க வேண்டும்.

பிள்ளைகள் செய்வது: அச்சில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுவது, மேலே லேசாக ஆடை கட்டும்வரை காத்திருப்பது, மஞ்சள் நிலாவை நடுவில் வைப்பது, மீதியை ஊற்றுவது. காத்திருப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம். மூன்று நான்கு நிமிடம் ஆகும். ஆடை கட்டுவதற்கு முன் வைத்தால் நிலா அடியில் போய்விடும். முழுதாக இறுகிய பிறகு ஊற்றினால் இரண்டு அடுக்கும் ஒட்டாமல் தனித்தனியாகக் கழன்றுவிடும். விரல் நுனியால் தொட்டால் அதிர வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. அதுதான் பதம்.

நேரம் இருந்தால் நிலாவுக்கு நீல வானமும் செய்யுங்கள். வேலியோரத்துச் சங்குப்பூ பதினைந்தைப் பறித்து, பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு, 100 மில்லி சுடுதண்ணீரில் போட்டால் நீலச் சாறு இறங்கும். அதில் கஸ்தூரி எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டால் பிள்ளைகள் கண்ணெதிரே நீலம் ஊதாவாகும். அன்று முழுக்க அவர்கள் பேசப்போவது இதைப் பற்றித்தான். இந்தச் சாற்றைத் தேங்காய்ப்பால் சேராத, வெறும் தண்ணீரில் காய்ச்சிய அகார்-அகாரில் மட்டும், அடுப்பை அணைத்த பிறகு கலக்க வேண்டும். புளிப்பு பாலில் பட்டால் திரிந்துவிடும். புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் அகார்-அகாரும் வலுவிழந்துவிடும்.

வெளியே 40 நிமிடத்தில் இறுகிவிடும். தேங்காய்ப்பால் சேர்ந்திருப்பதால் அன்றைக்கே சாப்பிடுவது நல்லது. குளிர்பெட்டியில் இரண்டு நாள்.

6. பரங்கி உருண்டை

இது ஓண்டே-ஓண்டே என்ற மலாய்ப் பலகாரம்தான். பச்சைக்குப் பதில் பரங்கியின் மஞ்சள். கைப்பேசியில் பார்த்த குட்டிப் பூசணி உருவத்தை இதில் கொண்டுவந்துவிடலாம்.

250 கிராம் பரங்கியைத் தோல் சீவித் துண்டுபோட்டு 15 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். தண்ணீரில் போட்டு அவிக்காதீர்கள், பரங்கி ஏற்கெனவே நீர் கோத்தது. தட்டில் சேர்ந்த தண்ணீரை வடித்துவிட்டுச் சூட்டோடு மசியுங்கள். இதில் புளுட் மாவை ஒரேயடியாகக் கொட்டாமல் கரண்டி கரண்டியாகப் போட்டுப் பிசையுங்கள். ஏறக்குறைய 250 கிராம் மாவு வாங்கும். ஒரு காய்போல இன்னொரு காய் இருக்காது, அதனால் அளவை நம்பாமல் கையை நம்புங்கள். கொழுக்கட்டை மாவுபோல மிருதுவாக, கையில் ஒட்டாமல் வரவேண்டும். உருட்டினால் விரிசல் விடுகிறதா? ஒரு கரண்டி தண்ணீர். ஒட்டுகிறதா? ஒரு கரண்டி மாவு. மாவைக் காயவிடாமல் ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள்.

ஒரு பிடி மாவைத் தனியாக எடுத்துப் பாண்டான் சாறு கலந்து பச்சையாக்குங்கள். அது காம்புக்கு. காணொளிகளில் காம்புக்குக் கிராம்பு செருகுகிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் பிள்ளை அதைக் கடித்துவிடும் அல்லது தொண்டையில் மாட்டும். வேண்டாம்.

குலா மெலாக்காவைக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். பெரிதாக வைத்தால் உருண்டை வெந்தும் நடுவில் கல்லாகவே இருக்கும்.

பிள்ளைகள் மாவைச் சின்ன எலுமிச்சை அளவில் பாதி எடுத்து, தட்டையாக்கி, நடுவில் குலா மெலாக்கா வைத்து, மூடி உருட்டுவார்கள். பிறகு பல்குச்சியின் பக்கத்தால் மேலிருந்து கீழாக ஆறு கோடு அழுத்தினால் பூசணியின் வரி வந்துவிடும். பச்சைக் காம்பை ஒட்டினால் முடிந்தது. 40 உருண்டை வரும். ஆளுக்கு மூன்று. உருட்டி முடித்ததும் பல்குச்சிகளை எண்ணித் திரும்ப வாங்குங்கள்.

கொதிநீரில் போடுவதும் எடுப்பதும் பெரியவர் வேலை. உருண்டை மேலே மிதந்ததும் உடனே எடுக்காமல் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள், உள்ளே கரைய வேண்டும். எடுத்து உடனே துருவிய தேங்காயில் போட்டுப் புரட்டலாம். அந்தத் தேங்காயை முன்கூட்டியே ஒரு சிட்டிகை உப்போடு ஐந்து நிமிடம் ஆவியில் வைத்துவிடுங்கள். பச்சையாக வைத்தால் நம் சூட்டில் மதியத்துக்குள் புளித்துவிடும்.

இரண்டு ஆபத்துகள் இதில் உண்டு. ஒன்று, உள்ளே உருகிய சர்க்கரை. வெளியே ஆறியதுபோல இருக்கும், கடித்தால் நாக்கைச் சுட்டுவிடும். பத்து நிமிடம் கடிகாரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இரண்டு, புளுட் மாவு ஒட்டும் பண்டம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முழு உருண்டை கொடுக்கவே கூடாது. நான்காக வெட்டி, உட்காரவைத்து, பக்கத்தில் இருந்து கொடுங்கள். ஓடிக்கொண்டே, சிரித்துக்கொண்டே யாரும் சாப்பிடக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் குரலை உயர்த்துவேன்.

7. ரப்பர் இலை மிட்டாய்

காணொளியில் எல்லாம் மேப்பிள் இலை. நம் பிள்ளைகள் யாரும் மேப்பிள் மரத்தைப் பார்த்ததில்லை. ரப்பர் மரத்தைத் தாத்தா, பாட்டி வழியாகவாவது அறிவார்கள். ரப்பர் இலை ஒரே காம்பில் மூன்று சிற்றிலையாக இருக்கும், உதிர்வதற்கு முன் செம்மஞ்சளாக மாறும். தீபாவளிக்கு எல்லா வீட்டிலும் செய்கிற தேங்காய் மிட்டாயை அந்த நிறத்தில் செய்து, இலை வடிவத்தில் வெட்டி, மும்மூன்றாக அடுக்கினோம். அதைப் பார்த்து, ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்த ஒரு பாட்டி ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு எந்தப் பக்கம் காம்பு வரும் என்று சொல்லிக்கொடுத்தார்.

400 கிராம் வெள்ளைத் தேங்காய்த் துருவல், 350 கிராம் சீனி, 170 மில்லி டின் பால், ஒரு மேசைக்கரண்டி நெய். எல்லாவற்றையும் அடிகனமான சட்டியில் போட்டு மிதமான தீயில் 25 முதல் 30 நிமிடம் கிளறுங்கள். ஓரம் விட்டுச் சட்டியில் திரண்டு வரும்போது நிறம் சேருங்கள். பாதிக்குப் பீட்ரூட் சாறு, பாதிக்கு மசித்த பரங்கி ஒரு கரண்டி. பரங்கி சேர்த்த பாதி கொஞ்சம் இளகும், இன்னும் சில நிமிடம் கிளறினால் சரியாகிவிடும். நெய் தடவிய தட்டில் விரலளவு கனத்துக்குப் பரப்புங்கள்.

இந்தக் கட்டத்தில் பிள்ளைகள் அடுப்படியிலேயே இருக்கக்கூடாது. கொதிக்கும் சீனிப் பாகு தண்ணீரைவிடச் சூடு, பட்டால் ஒட்டிக்கொள்ளும். வேறு மேசையில் உருண்டை உருட்டும் வேளையில் இதைக் கிளறி முடித்துவிடுங்கள்.

பரப்பி 15, 20 நிமிடம் கழித்து, இளஞ்சூட்டில் வெட்ட வேண்டும். ஆறிப்போனால் இலை நுனி உடைந்து உதிரும். இலை அச்சு இல்லாவிட்டால் தகர டின் மூடியை வளைத்துச் செய்ய நினைக்காதீர்கள், கையை வெட்டும். காகிதத்தில் இலை வரைந்து மேலே வைத்து, வெண்ணெய் தடவும் மழுங்கல் கத்தியால் வெட்டினால் போதும். பால் ஒவ்வாத பிள்ளை இருந்தால் டின் பாலுக்குப் பதில் கைவசம் உள்ள தேங்காய்ப்பாலையும், நெய்க்குப் பதில் சமையல் எண்ணெயையும் சேர்த்துச் சின்னச் சட்டியில் தனியாகக் கிளறுங்கள். கரண்டியும் தட்டும்கூட வேறாக இருக்கட்டும்.

8. அந்த நாள் காலை

நான்கு பிள்ளைக்கு ஒரு பெரியவர். 12 பிள்ளைக்கு மூன்று பேர், அடுப்புக்குத் தனியாக ஒருவர். அடுப்பில் நிற்பவர் வேறு எந்த வேலையும் பார்க்கக்கூடாது, கைப்பேசியும் எடுக்கக்கூடாது.

எங்களுக்கு ஒத்துவந்த நேர ஒழுங்கு இது. 9:30-க்குக் கைகழுவி, நகம் பார்த்து, தலைமுடி கட்டுவது. 9:45-க்கு நிலா ஊற்றுவது, ஏனென்றால் அது இறுக வேண்டும். 10:20-க்கு உருண்டை. உருண்டை வேகும் நேரத்தில் சங்குப்பூ வித்தை. 11:10-க்கு இலை வெட்டுவது. 11:40-க்கு நிலாவை அச்சிலிருந்து கவிழ்த்து, உட்கார்ந்து சாப்பிடுவது. இந்த இனிப்புகளை முதல்முறை செய்தபோது நான் உருண்டையை முதலில் வைத்து, நிலா இறுகுமுன் பெற்றோர் வந்து நின்றார்கள்.

மண்டபக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று முதல் நாள் மாலையே போய்த் திறந்து பாருங்கள். குடிதண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். மேசையில் பழைய நாளிதழை விரிக்க வேண்டாம், அச்சு மை மாவில் ஒட்டும். வாழை இலை விரித்தால் எழுந்ததும் சுருட்டி எடுத்துவிடலாம்.

9. வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது

ஒரு பெட்டியில் நிலா ஒன்று, உருண்டை இரண்டு, இலை மூன்று. உருண்டையை நிலாவோடு ஒட்டவைக்காதீர்கள், தேங்காய்த் துருவல் ஈரமாகிவிடும். நடுவில் ஒரு துண்டு வாழை இலை செருகினால் போதும். பெட்டி மேலே மூன்று வரி எழுதி ஒட்டுங்கள்: நிலாவைக் குளிர்பெட்டியில் வைக்கவும், உருண்டையை இன்று இரவுக்குள் சாப்பிடவும், சின்னத் தம்பி தங்கைக்கு உருண்டையை வெட்டிக் கொடுக்கவும். உருண்டையைக் குளிர்பெட்டியில் வைத்தால் கல்லாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுங்கள். இலை மிட்டாய் மட்டும் மூடிய டப்பாவில் ஒரு வாரம் தாங்கும்.

மாலையில் எல்லாப் பெற்றோருக்கும் ஒரு செய்தி அனுப்பி, பிள்ளைக்குத் தடிப்பு, வயிற்றுவலி ஏதும் இல்லையே என்று கேளுங்கள். அப்புறம் அச்சுகளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் கோட்டுக்குள் தேய்த்து, வெயிலில் காயவிடாமல் நிழலில் காயவையுங்கள். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் வளைந்து அடுத்த ஆண்டு நிலா கோணலாக வரும்.